அஞ்சலாட்சியைச் சுற்றிவருவது

வெண்பாறையில் முதன்முதலாக மங்கியவர் ரேஷன் கடை பவுன்ராஜ். ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில், பச்சரிசிக்கு நின்ற வரிசை முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, தராசுத் தட்டில் அரிசியைக் கொட்டிக்கொண்டிருந்த அவருடைய முகமும் கழுத்தும் கைகளும் மெல்ல ஒளி குறைந்து, திரைக்குப் பின்னால் கொண்டுபோன விளக்குபோல் ஆகி, கொஞ்ச நேரம் அப்படியே இருந்து, பிறகு போன வழியாகவே வெளிச்சத்துக்குத் திரும்பின. மூட்டைகள் மங்கவில்லை, தராசு மங்கவில்லை, அவர் போட்டிருந்த சட்டைகூட மங்கவில்லை. முன்னால் நின்றவள், "இன்னாண்ணே, உனக்கு மட்டும் கரண்டு கம்மியாயிடுச்சா?" என்று கேட்டாள். "பைய நேரா புடிம்மா, அரிசி சிந்துது" என்றார் பவுன்ராஜ். அன்றைக்கு அவ்வளவுதான்.

வேறு ஊராக இருந்திருந்தால் அதை யாரும் கவனித்திருக்கக்கூட மாட்டார்கள். ஆனால் எங்கள் ஊருக்கு நேர்மேலே, மலையுச்சியில், கவிழ்த்த குண்டான்போல வெள்ளைக் கூரை போட்ட வானாய்வு நிலையம் இருக்கிறது. அங்கிருப்பவர்கள் நட்சத்திரங்களைப் பார்ப்பதற்காக, கீழே இருக்கும் நாங்கள் எங்கள் அப்பா அம்மா காலத்திலிருந்தே வெளிச்சத்தை அடக்கி வைத்து வாழ்கிறோம். எங்கள் தெருவிளக்குகளுக்குத் தகரத் தொப்பி உண்டு, எங்கள் ஜன்னல்களுக்குக் கறுப்புத் திரை உண்டு, எங்கள் மாப்பிள்ளை ஊர்வலங்கள் பட்டப்பகலில்தான் நடக்கும், எங்கள் பிள்ளைகள் தீபாவளிக்கு மத்தியான வெயிலில் மத்தாப்பு கொளுத்தி, நிறத்தைக் கண்ணைச் சுருக்கித் தேடுவார்கள். வெளிச்சம் ஒரு துளி ஏறினாலும் ஒரு துளி இறங்கினாலும் எங்களுக்குத் தெரிந்துவிடும். அதனால் பவுன்ராஜ் மங்கியது தெரிந்தது, அதே வாரம் கறிக்கடைக்காரரின் மனைவி மங்கியது தெரிந்தது, அடுத்த வாரம் பஸ் கண்டக்டர் டிக்கெட் கிழிக்கும்போதே மங்கியது தெரிந்தது, சித்திரை முடிவதற்குள் ஊரில் பாதிப்பேர் அவரவர் முறைக்கு மங்கிக்கொண்டிருந்தார்கள்.

காரணத்தை யாரும் தேடிப்போகவில்லை, ஏனென்றால் காரணம் முன்பே கையிலிருந்தது. அதற்கு இரண்டு மாதத்துக்கு முன், நிலையத்தைப் பொதுமக்கள் பார்க்கும் நாளில், பெரிய விஞ்ஞானி ஒருவர் பள்ளிக்கூட மண்டபத்தில் பேசினார். வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கிரகங்களை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று சொன்னார். அத்தனை தூரத்தில் கிரகம் கண்ணுக்குத் தெரியாது, நட்சத்திரத்தின் பளபளப்பில் அது காணாமல் போய்விடும்; ஆனால் அது நட்சத்திரத்துக்கு முன்னால் கடந்துபோகும்போது ஒளி ஒரு சிட்டிகை குறையும், அதே இடைவெளியில் மறுபடி மறுபடி குறைந்தால் அங்கே ஏதோ சுற்றுகிறது என்று அர்த்தம் என்றார். அவர் பேசப் பேச, எரியும் பல்புக்கு முன்னால் நூலில் கட்டிய எலுமிச்சம்பழத்தைச் சுற்றிக் காட்டியது நான்தான். நிலையத்தில் எனக்குப் பகல்வேலை. இரவில் கருவிகள் சேர்த்துவைத்த ஒளியைக் கணினியில் கோடுகளாகப் பார்த்து, இது மங்கல், இது வெறும் இரைச்சல் என்று பிரித்து வைக்கவேண்டும். யாரிடமும் பேசத் தேவையில்லாத வேலை என்பதால்தான் அதில் சேர்ந்தேன். அன்றைக்கு விஞ்ஞானி, "இது ஒரு வழிதான், இன்னொரு வழி இருக்கு" என்று தொடங்கும்போது பெருமழை பிடித்துக்கொண்டது. மண்டபத்தின் ஓடு ஒழுகியது, காயவைத்த மிளகாயை அள்ள எல்லோரும் ஓடினார்கள், ஊர் ஒரு வழியை மட்டும் கற்றுக்கொண்டு வீடுபோய்ச் சேர்ந்தது.

ஆகவே பவுன்ராஜ் மங்கியபோது ஊருக்குத் தெரியும், அவரை ஏதோ சுற்றுகிறது. என்ன சுற்றும்? ஓசூரில் கட்டிக்கொடுத்த மகள்தான் சுற்றுவாள், வேறு என்ன? எங்கேயோ உயிரோடு இருந்துகொண்டு, நம்மை விட்டுப் போகமுடியாமல், நம்மைச் சுற்றிச் சுற்றி வருகிறவர்களின் நிழல்தான் நம்மேல் விழுகிறது என்று ஊர் முடிவுசெய்தது. முடிவுசெய்த கையோடு அதற்கு மரியாதைகளையும் உண்டாக்கிக்கொண்டது. பேசிக்கொண்டிருப்பவர் மங்கினால் வெளிச்சம் திரும்பும்வரை எதிரே இருப்பவர் பேச்சை நிறுத்தவேண்டும். சவரம் நடுவில் மங்கினால் கத்தியை எடுத்துவிடவேண்டும். பெண் பார்க்க வந்தவர்கள் காபி குடித்துவிட்டு, "பொண்ணு எப்பப்ப மங்கும்?" என்று கேட்டார்கள், பெண் வீட்டார் கொஞ்சம் கூட்டியே சொன்னார்கள். அடிக்கடி மங்குகிறவர்கள் தெருவில் ஒரு மாதிரி நிமிர்ந்து நடந்தார்கள்.

பிறகு கம்பவுண்டர் வீட்டம்மா மங்காமல் போன நாள் வந்தது. வழக்கமாக மங்கும் ஞாயிறன்று அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், எதிரே நாலு பேர் நின்று பார்த்தார்கள், ஞாயிறு முழுக்க அவர் முகம் பளிச்சென்று இருந்தது. மறுநாள் காலையில், பம்பாயில் அவருடைய தம்பி தவறிவிட்டதாகப் போன் வந்தது. அன்றிலிருந்து ஊரில் ஒவ்வொருவரும் அடுத்தவர் முகத்தைப் பயத்தோடுதான் பார்த்தோம். அன்றிலிருந்துதான் எல்லோருடைய கண்ணும் அஞ்சலாட்சியின்மேல் திரும்பியது.

அஞ்சலாட்சி எங்கள் தெருவில் தையல்காரி, நான் பெரிம்மா என்று கூப்பிடுவேன். புருஷன் செத்துப்போய்ப் பல வருஷம் ஆகிறது, கூடப் பிறந்தவர்கள் இல்லை, ஒரே மகன் தீர்த்தகிரி. அவன் போர்வெல் லாரியில் வடக்கே வேலைக்குப் போனவன். போன வருஷம் ஏதோ ஓர் ஊரில் டீ குடிக்க இறங்கினான், லாரி கிளம்பும்போது ஆளைக் காணவில்லை, தேடினார்கள், போலீசில் எழுதிக் கொடுத்தார்கள், திரும்பி வந்துவிட்டார்கள். அவன் மனைவி நவநீதம் மாமியாரோடுதான் இருக்கிறாள். அவள் மங்குவாள், ஆனால் அவளுக்குப் பட்டாளத்தில் ஓர் அண்ணன் உண்டு, "அது அவ அண்ணங்காரன்" என்று ஊர் சொல்லிவிட்டது. அஞ்சலாட்சியைச் சுற்றுவதற்குத் தீர்த்தகிரியை விட்டால் யாரும் கிடையாது. அஞ்சலாட்சியோ மங்கி யாரும் பார்க்கவில்லை. மாடிப்படிக்குக் கீழே மிஷின் ஒன்று மட்டும் நுழையக்கூடிய இடுக்கில், இரண்டு பக்கமும் சுவர், முதுகுக்குச் சுவர், தெருவைப் பார்த்தபடி அவர் தைத்துக்கொண்டிருப்பார். தைக்கக் கொடுக்க வந்தவர்களும் வாங்க வந்தவர்களும் ஒன்றும் கொடுக்காதவர்களும் எதிரே நின்று அந்த முகத்தையே பார்த்துவிட்டுப் போனார்கள்.

"என்னாடி பாக்கறீங்க, என் மூஞ்சில சினிமாவா ஓடுது?" என்பார் அஞ்சலாட்சி. மிஷின் சத்தம் நிற்காது.

அவருடைய மூத்தார், அதாவது புருஷனின் அண்ணன், இருசப்பன் கெட்டவர் இல்லை. அவர்தான் வடக்கே போய் இரண்டு முறை தேடியவர், பாஷை தெரியாத ஊரில் தம்பி மகனின் போட்டோவைக் காட்டிக் காட்டிக் கால் வீங்கித் திரும்பியவர். அவர்தான் வைகாசியில் ஒருநாள் வந்து வாசலில் நின்றுகொண்டே சொன்னார்: "அஞ்சலாட்சி, நானும் பாத்துட்டன், ஊரும் பாத்துட்டுது. புள்ள இருந்தா உன்ன சுத்தாம எங்க போவான்? செய்ய வேண்டியத செய்யாம உட்டா அவனுக்கும் நிம்மதியில்ல, இந்தப் பொண்ணுக்கும் ஒரு வழியில்ல. வர்ற அமாவாசைக்கு கருமாதி வெச்சிடலாம்." கருமாதி என்றால் நவநீதத்தின் தாலி இறங்கும். நவநீதம் உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள், தேய்க்கும் சத்தம் நின்றது. மிஷின் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

இதே சமயத்தில்தான் நிலையத்தின் பொருளறை அதிகாரி என்னைக் கூப்பிட்டு, ஒரு பெரிய கறுப்புத் துணி மூட்டையை என் கையில் திணித்தார். நடைபாதைக்காக அஞ்சலாட்சியிடம் தைக்கக் கொடுத்திருந்த நீளத் திரை அது. "தையல் கோணல்மாணலா இருக்கு. உங்க தெருதானே, திருப்பிக் குடுத்துடுங்க" என்றார். வீட்டுக்குக் கொண்டுவந்து, மொட்டைமாடியில் சாயங்கால வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தேன். இரண்டு துணிகளை நீளவாக்கில் சேர்த்த தையல். கறுப்பின்மேல் கறுப்பு நூல் கண்ணுக்குத் தெரியவில்லை என்று வெள்ளை நூலால் தைத்திருந்தார். கோணல்தான். கறுப்புத் துணியில் வெள்ளைக் கோடு மெல்ல இடப்பக்கம் சாய்ந்துபோய், தயங்கி, வலப்பக்கம் திரும்பி, அங்கேயும் தயங்கி, மறுபடி இடப்பக்கம் வந்தது. நிலையத்துக் கணினியில் நான் பார்த்திருக்கிற இன்னொரு வகைக் கோடு. மழை வந்து கலைத்த அந்தப் பேச்சின் மீதிப் பாதி அது. சுற்றுகிற ஒன்று நட்சத்திரத்தைத் தன் பக்கம் இழுக்கும். நட்சத்திரம் அசையாமல் நிற்பதுபோல் தெரிந்தாலும் அந்த இழுப்புக்குக் கொஞ்சம் அந்தப் பக்கம், கொஞ்சம் இந்தப் பக்கம் என்று ஆடிக்கொண்டேயிருக்கும். முன்னால் வந்து மறைக்காத கிரகத்தைக்கூட அந்த ஆட்டத்தை வைத்துப் பிடித்துவிடலாம்.

உடனே போய்ச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. நிலையத்தில் எங்கள் அறையில் ஒரு விதி உண்டு, மூன்று முறை வராத எதையும் வாய்திறந்து சொல்லக்கூடாது. முதல் முறை வந்தது மேகமாக இருக்கலாம், இரண்டாவது நட்சத்திரத்தின் மேலுள்ள கறையாக இருக்கலாம். நான் துணியின்மேல் முழங்காலிட்டு நகர்ந்து நகர்ந்து பார்த்தேன். கோடு மூன்று முறை போய் மூன்று முறை திரும்பியிருந்தது, நான்காவது முறை போகத் தொடங்கிய இடத்தில் துணி முடிந்துபோயிருந்தது.

மறுநாள் ஞாயிறு. ரேஷன் கடை வாசலில் இருசப்பன் கருமாதிக்குச் சாமான் சொல்லிக்கொண்டிருந்தார். நான் போய்த் திரையைத் தெருவோடு விரித்தேன், என்ன சொல்வதென்று தெரியாததால்தான் விரித்தேன். ஜனங்கள் சாவுக்கு விரித்த துணியென்று நினைத்து விலகி நின்றார்கள். பிறகு குரல் வந்தது, என் குரல்தான்: "பெரியப்பா, இந்தத் தையலப் பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். "வயசாவுது பாப்பா, கை நடுங்குது. அதுக்கு இன்னா?"

"நடுக்கம்னா கண்டபடி போகும் பெரியப்பா. இது போயிட்டுப் போயிட்டுத் திரும்பி வருது. ஏதோ ஒண்ணு அவங்களப் புடிச்சி இழுக்குது."

"இழுத்தா மங்கணும் இல்ல? ஏன் மங்கல?"

பவுன்ராஜ் சாமான் கூடையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டி, "அன்னிக்கு சுத்தின மாதிரி சுத்திக் காட்டு பாப்பா" என்றார். நான் பல்புக்கு எங்கே போவேன்? அவரையே ஸ்டூலில் உட்காரவைத்து, பழத்தை அவர் மூக்குக்கு முன்னால் கொண்டுவந்து பின்னந்தலைப் பக்கம் கொண்டுபோனேன். "இப்படிச் சுத்தினா எதிர்ல நிக்கறவங்களுக்கு மறைக்கும்." பிறகு அதே பழத்தை உச்சந்தலைக்கு மேலே ஏற்றி, ஒரு காதோரமாக இறக்கி, தாடைக்குக் கீழே கொண்டுபோய், மறு காதோரமாக ஏற்றினேன். "இப்படிச் சுத்தினா?"

"மூஞ்சி முழுசா தெரியுது" என்றாள் கறிக்கடைக்காரரின் மனைவி.

"அப்ப யாருக்குத்தான் மறைக்கும்?" என்று கேட்டேன்.

"மேல போற காக்காவுக்கு மறைக்கும்" என்றான் கண்டக்டர். சிரித்தார்கள். "கீழ கெடக்கற பூனைக்கும்" என்றாள் இன்னொருத்தி. இன்னும் சிரித்தார்கள். இருசப்பன் சிரிக்கவில்லை. "அப்ப அவள வெளிய கொண்டாந்து உக்கார வெச்சி நாலு பக்கமும் பாத்துடுவோம்" என்றார்.

அஞ்சலாட்சி ஒத்துக்கொள்ளவில்லை. "நடுத்தெருவுல உக்கார வெச்சி சுத்தி நின்னு பாப்பீங்களா? நான் இன்னா, தேரா?" என்று கத்திவிட்டு மிஷினை மிதித்தார். பிறகு நான் திரையை மடித்து வைக்க உள்ளே போனபோது, தலையைத் தூக்காமலே சொன்னார்: "நாலு பக்கமும் பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டா, அப்புறம் நான் இன்னா பண்ணுவன் பாப்பா? பாக்காத வரைக்கும் அவன் இருக்கறான்." நான் மூன்று வருஷமாகச் செய்யும் வேலையில் இப்படி ஒரு கேள்வியை எந்த நட்சத்திரமும் கேட்டதில்லை.

அதற்கு அடுத்த நாளோ அதற்கும் அடுத்த நாளோ, ஒரு மத்தியானம், நான் சாப்பிட வீட்டுக்கு வந்திருந்தபோது, நவநீதம் ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். கருமாதிச் செய்தி வந்ததிலிருந்து தூங்காதவள், அன்றைக்குச் சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்காமல், தரையில் உட்கார்ந்திருந்த மாமியார் மடியில் அப்படியே தலையைச் சாய்த்திருக்கிறாள். மேலே பார்த்துக்கொண்டு படுத்திருந்தபோது, தாடையின் ஓரத்திலிருந்து நிழல் ஏறி, அஞ்சலாட்சியின் முகம் மங்கி, பிறகு தெளிந்திருக்கிறது. "சத்தியமா பாத்தன்க்கா. எதிர்ல இருந்தா தெரியாது. அங்க படுத்தாதான் தெரியுது."

அந்த முகத்தை அந்த இடத்திலிருந்து பார்த்தவர்கள் இந்த உலகத்தில் யார்? அந்த மடியில் படுத்து வளர்ந்தவன் ஒருத்தன்தான்.

நாங்கள் போய்ச் சொன்னதை இருசப்பன் துண்டை முறுக்கிக்கொண்டே கேட்டார். "தாலி கட்டியிருக்கறவ கண்ணுக்குத் தெரியத்தான் செய்யும். நான் அவள பொய்காரின்னு சொல்லல. ஆனா ஊரு சொல்லும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "மறுபடி எப்ப மங்கும், உனக்குத் தெரியுமா?"

அது துணியிலேயே இருந்தது. அஞ்சலாட்சி ஒரு நாளைக்கு ஒரு பாபின் நூல்தான் தைப்பார், நூல் தீர்ந்த இடத்தில் முடிச்சுப் போட்டு மறுநாள் தொடங்குவார். கோடு ஒருமுறை போய்த் திரும்புவதற்குள் ஒன்பது முடிச்சுகள் இருந்தன, மூன்று முறையும் ஒன்பது. நவநீதம் பார்த்த நாளிலிருந்து ஒன்பது நாளை நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்துச் சொன்னேன். சொல்லும்போதே அது எந்த நாள் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அமாவாசை.

"நாள மாத்தமாட்டன்" என்றார் இருசப்பன். "எல்லாத்தையும் தயாரா வெச்சிக்கறன். அன்னிக்கு நீ பாரு. நாங்க ஆம்பளைங்க அங்க படுத்துப் பாக்கமுடியாது. நீ அதிகம் பேசாத பொண்ணு, ஒண்ண நாலா சொல்லமாட்ட. நீ மங்குச்சின்னு சொன்னா நான் பந்தலப் பிரிச்சிடறன். இல்லன்னு சொன்னா செய்ய வேண்டியத செஞ்சிடறன்."

அந்த ஒன்பது நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. நிலையத்தில் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒருவேளை மங்காவிட்டால் நான் என்ன சொல்வேன் என்ற நினைப்பு வந்து முன்னால் நிற்கும். வாழ்க்கையில் நான் பேசியதே கொஞ்சம், அதில் பொய் அதைவிடக் கொஞ்சம், என் ஒரு வார்த்தையில் ஒருத்தியின் தாலியைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

அமாவாசையன்று காலையிலேயே தெருவில் பந்தல் போட்டுவிட்டார்கள். நாவிதர் வந்தார், ஐயர் வந்தார், பின்கட்டில் பூசணிக்காய் நறுக்கும் சத்தம் கேட்டது. மிஷினை ஒதுக்கிவைத்துவிட்டு அஞ்சலாட்சி அந்த இடுக்கிலேயே தரையில் காலை மடித்து உட்கார்ந்தார். நான் தலை வைத்துப் படுத்தேன். புடவையில் மிஷின் எண்ணெய் வாசம் அடித்தது. கீழிருந்து பார்க்கும்போது அது எனக்குத் தெரிந்த முகமாகவே இல்லை. தாடைக்கு அடியில் ஒரு மச்சம் இருந்தது, மூக்குத்திக்குப் பின்னாலுள்ள திருகு தெரிந்தது, தொண்டை ஒவ்வொரு மூச்சுக்கும் ஏறி இறங்கியது. நவநீதம் நிலைப்படியில், ஒரு கையால் மஞ்சள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

வெயில் ஏறியது. ஒருமுறை முகம் இருண்டது, ஆனால் சுவரும் இருண்டது, என் கையும் இருண்டது, மேகம். ஐயர் நேரத்தைக் கேட்டார். யாரோ "இன்னும் எவ்ளோ நேரம்தான் அந்தப் பொண்ணு படுத்துக்கெடக்கும்" என்றார்கள். இருசப்பன் இருமினார். உச்சி தாண்டப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது. கண்ணை இமைக்கவே பயமாக இருந்தது, இமைக்கிற நேரத்தில் வந்து போய்விட்டால்?

அஞ்சலாட்சி குனியாமலே, உதடு மட்டும் அசையப் பேசினார். "பாப்பா, எனக்காகப் பொய் சொல்லாத." கொஞ்சம் பொறுத்து, "இல்லன்னா மட்டும் மெதுவா சொல்லு. எனக்கு மட்டும் கேக்கற மாதிரி."

அப்போது தாடையின் ஓரத்தில், மச்சத்துக்குப் பக்கத்தில், வளைந்த விளிம்புள்ள ஒரு நிழல் தொட்டது. சுவர் மங்கவில்லை, மூக்குத்தி மங்கவில்லை. நிழல் அவசரப்படாமல் கன்னத்தில் ஏறியது, வாயை மூடியது, கண்களை மூடியது, நெற்றிவரை போய், அந்த முகம் முழுவதும் சாம்பல் பூத்த தணல்போல் ஆனது. இத்தனை நேரம் மங்கவேண்டும், மங்கவேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்த எனக்கு இப்போது வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. இது நகராமல் இங்கேயே நின்றுவிட்டால்? மங்கியவர்கள் தெளிவார்கள் என்று யார் சொன்னது? நான் அந்த இருண்ட முகத்துக்குக் கீழே, மகன் படுத்திருந்த இடத்தில், மகன்போலவே கையால் அவர் புடவையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். பிறகு தாடை தெளிந்தது, பிறகு வாய், பிறகு கண்கள். அந்தக் கண்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"வந்துச்சா?" என்றார்.

"வந்துச்சி பெரிம்மா."

"போயிட்டானா?"

"போறாரு. திரும்பி வருவாரு."

நான் மெதுவாகத்தான் சொன்னேன் என்று நினைத்தேன், ஆனால் பந்தலில் இருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்டிருக்கிறது. நவநீதம் நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பின்கட்டில் பூசணிக்காய் நறுக்குவதுகூட நின்றுவிட்டது. இருசப்பன் உள்ளே வந்து என் முகத்தைப் பார்த்தார், என்னைத் திரும்பக் கேட்கவில்லை. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே போய், "பந்தலப் பிரிங்கடா" என்றார். பிறகு, "சாப்பாட்டுக்கு அப்புறம் பிரிங்க. ஆக்கினத வீணாக்க வேணாம். யாரும் கருமாதி சாப்பாடுன்னு சொல்லக்கூடாது, அமாவாசை சாப்பாடுன்னு சொல்லிச் சாப்புடுங்க" என்றார். ஊர் அப்படியே சொல்லிச் சாப்பிட்டது. அவர் மட்டும் சாப்பிடவில்லை. பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு வடக்கே பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

சாயங்காலம் அஞ்சலாட்சி திரையை எடுத்து, கோணல் தையலைப் பிரிக்காமல் அப்படியே மிஷினில் வைத்து, விட்ட இடத்திலிருந்து நீட்டித் தைக்கத் துணி சேர்த்தார். நிலையத்துக்கு வேறு திரை தைத்துக் கொடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். நவநீதம் என்னிடம் வந்து, "அக்கா, எங்க இருக்கறாருன்னு அதுல தெரியாதா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். சுற்றுகிறது என்று தெரியும், எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று தெரியும், பசியோடு இருக்கிறதா, குளிரில் இருக்கிறதா, வழி தேடுகிறதா என்று எந்தக் கோடும் சொல்லாது. அவள் பார்த்தது முதலாவது, நான் பார்த்தது இரண்டாவது, விதிப்படி மூன்றாவது இன்னும் வரவேண்டும். இன்னும் ஒன்பது முடிச்சு தள்ளி நான் மறுபடி அந்த மடியில் தலைவைத்துப் படுக்கவேண்டும், கம்பவுண்டர் வீட்டம்மாவின் ஞாயிற்றுக்கிழமையை நினைக்காமல் படுக்கவேண்டும். மிஷின் ஓட ஆரம்பித்தது. ஊசிக்குக் கீழே வெள்ளை நூல் கொஞ்ச தூரம் நேராக வந்தது, அதுவரை நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம், பிறகு அது இடப்பக்கம் சாயத் தொடங்கியது.